மூலிகையும் கணினியும்: அழற்சிக்கு மருந்து தேடும் புதிய வழி

முட்டி வீங்கினால் மஞ்சள் பற்று. உடல் வலித்தால் நொச்சி இலை ஒத்தடம். கை கால் பிடித்துக்கொண்டால் முடக்கத்தான் ரசம். பால்மரக் காட்டில் விடியற்காலையிலேயே உழைக்கப் போன தலைமுறைக்குத் தோட்டத்து டிரசர் கொடுத்த மாத்திரைக்கு முன்பே கைகொடுத்தவை இந்த வைத்தியங்கள்தான். லயத்து வீட்டின் பின்புறத்தில் வளர்ந்த அதே செடிகளின் வேதிப்பொருள்கள் இன்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் கணினித் திரையில் ஆராயப்படுகின்றன.

அந்த ஆய்வுகளைப் பற்றிய செய்திகள் புலனத்திலும் முகநூலிலும் வேகமாகப் பரவுகின்றன. “கணினி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்ற வாசகத்தோடு மூட்டு வலிக்கான தூள், மாத்திரை, எண்ணெய் எனப் பலவும் விற்பனைக்கு வருகின்றன. கணினி உண்மையில் எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிப்பதில்லை என்பது தெரிந்தால், காசையும் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமானியர் இந்த நான்கு அடையாளங்களையும் எழுதிவைத்தார். இதைத்தான் மருத்துவத்தில் அழற்சி என்கிறார்கள்.

அழற்சி உடம்பின் தற்காப்பு. கிருமியை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் அது தேவை. வேலை முடிந்தும் அது அடங்காமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுதான் நோய். முடக்குவாதத்தில் உடம்பின் தற்காப்புப் படையே மூட்டுகளைத் தாக்குகிறது. முட்டி தேய்மானத்திலும் அழற்சிக்கு ஒரு பங்கு உண்டு.

உடம்புக்குள் இது நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். செல்லின் சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வெளிப்படுகிறது. காக்ஸ் என்ற என்சைம் அதை மாற்ற, அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் தூண்டுபவை இவை. அதே அமிலத்தை 5-லாக்ஸ் என்ற வேறோர் என்சைம் லுகோட்ரையீன்களாக மாற்றும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்குவதில் அவற்றுக்குப் பங்குண்டு. இவற்றோடு டி.என்.எஃப். என்ற தூதுப் புரதமும், அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதமும் சேர்ந்துகொள்கின்றன.

அழற்சியைத் தணிக்கும் மருந்தைத் தேடுவது என்றால், இந்தப் புரதங்களில் ஒன்றின் வேலையை நிறுத்தவோ குறைக்கவோ கூடிய பொருளைத் தேடுவது என்று பொருள்.

மரப்பட்டையிலிருந்து மாத்திரை

மூலிகையிலிருந்து அழற்சி மருந்து கிடைப்பது புதிய கதை அல்ல. 1763-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப்பட்டையைக் காயவைத்துத் தூளாக்கி, குளிர்காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததாக லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1828-இல் ஜெர்மனியில் யோஹான் புக்னர் அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1897-இல் பாயர் நிறுவனத்தில் ஃபீலிக்ஸ் ஹாஃப்மன் அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தூய நிலையில் தயாரித்தார். 1899-இல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது அதன் பிறகும் 70 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1971-இல்தான் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982-இல் அவருக்கும் சுவீடனைச் சேர்ந்த இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மரப்பட்டையிலிருந்து விளக்கம் வரைக்கும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தத் தேடலின் முதல் சில படிகளைச் சில நாட்களில் முடித்துவிட முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் கணினி இங்கே நுழைகிறது.

பூட்டும் சாவியும்

என்சைம் ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் உட்பகுதியில் ஒரு குழி இருக்கும். அரக்கிடோனிக் அமிலம் அந்தக் குழிக்குள் நுழைந்தால்தான் புரோஸ்டாகிளாண்டினாக மாற முடியும். வேறொரு பொருள் முன்கூட்டியே குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அமிலத்துக்கு இடமில்லை. பல வலி நிவாரணி மாத்திரைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆஸ்பிரின் ஒருபடி மேலே போய், தன்னில் ஒரு துண்டைக் குழிக்குள் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது.

காக்ஸ் என்சைமில் இரண்டு வகை உண்டு. காக்ஸ்-1 அன்றாட வேலைக்காரன். இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாப்பதிலும் இரத்தம் உறைவதிலும் அதற்குப் பங்கு உண்டு. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி நேரத்தில் பெருகும். பழைய வலி மாத்திரைகள் இரண்டையும் சேர்த்தே அடைத்தன. அதனால்தான் வலி குறைந்தாலும் வயிற்றுப்புண் வந்தது.

காக்ஸ்-1 என்சைமின் முப்பரிமாண வடிவம் 1994-இலும், காக்ஸ்-2 வடிவம் 1996-இலும் வெளியாயின. இரண்டும் அண்ணன் தம்பி போல ஒத்திருந்தன. ஆனால் குழியின் ஓரத்தில் 523-ஆம் இடத்தில் காக்ஸ்-1-இல் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இருந்தது. காக்ஸ்-2-இல் அதைவிடச் சிறிய வாலின் இருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு கரி அணுவும் அதைச் சேர்ந்த ஹைட்ரஜனும்தான். அந்தச் சின்ன இடைவெளியால் காக்ஸ்-2-இல் ஒரு பக்கவாட்டு அறை திறந்துகொள்கிறது. செலிகாக்சிப் போன்ற மருந்துகள் அந்த அறைக்குள் நுழைகின்றன. வடிவம் தெரிந்தால் பூட்டுக்கு ஏற்ற சாவியைத் தேடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கணினி எப்படித் தேடுகிறது?

மூலிகைப் பொருள்களைக் கணினியில் சலித்துப் பார்க்கும் வேலை பொதுவாக ஐந்து படிகளில் நடக்கிறது.

முதல் படி, பூட்டைத் தேர்ந்தெடுப்பது. உலகெங்கும் கண்டறியப்பட்ட புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கி 1971-இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. இன்று அதில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. யாரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். சோதனையில் வடிவம் கண்டறியப்படாத புரதங்களுக்கு, ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு முறை வடிவத்தைக் கணித்துத் தருகிறது. அதை உருவாக்கியவர்களில் இருவருக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரண்டாம் படி, சாவிகளைச் சேகரிப்பது. ஒரு மூலிகையில் ஒரு பொருள் மட்டும் இருப்பதில்லை, நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்தச் செடியின் எந்தப் பாகத்தில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் வேலை நகராது. சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் இதற்காக இம்பாட் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. 2018-இல் வெளிவந்த முதல் பதிப்பில் 1,742 இந்திய மூலிகைச் செடிகளும் 9,596 வேதிப்பொருள்களும் இருந்தன. இரண்டாம் பதிப்பில் அவை 4,010 செடிகளாகவும் 17,967 வேதிப்பொருள்களாகவும் உயர்ந்தன. மலேசியச் செடிகளுக்கென பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நாடி என்ற தரவுத்தளத்தை வைத்திருக்கிறது.

மூன்றாம் படி, வடிகட்டல். வாய்வழி உட்கொள்ளும் மருந்து குடலைத் தாண்டி இரத்தத்தில் கலக்க வேண்டும். 1997-இல் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி என்ற விஞ்ஞானி இதற்கு ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். மூலக்கூறு எடை 500-க்குள் இருக்க வேண்டும், அளவுக்கு மீறிக் கொழுப்பில் கரையக்கூடாது என்பன போன்ற நான்கு நிபந்தனைகள் அதில் அடங்கும். கணினி இந்தக் கணக்கைச் சில நொடிகளில் போட்டுவிடும்.

நான்காம் படிதான் மையமான வேலை: பொருத்திப் பார்த்தல். மூலக்கூற்றைப் பல கோணங்களில் திருப்பி, வளைத்து, புரதத்தின் குழிக்குள் கணினி உட்கார வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று மதிப்பிட்டு ஒரு மதிப்பெண் தருகிறது. இதைச் செய்யும் முதல் நிரல் 1982-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இர்வின் குன்ட்ஸ் குழுவினர் வெளியிட்டது. இன்று மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆட்டோடாக் வினா 2010-இல் வெளிவந்தது, இலவசமாகக் கிடைக்கிறது. மதிப்பெண் கிலோகலோரி கணக்கில் கழித்தல் குறியோடு வரும். கழித்தல் எண் பெரிதாக ஆக, பிடிப்பு வலுவானது என்று பொருள். −9 என்பது −6-ஐ விட மேல்.

ஐந்தாம் படி, சரிபார்ப்பு. ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு மருந்தை முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும். சோதனையில் கண்ட இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் கணினி அதை உட்கார வைத்தால் முறை சரி என்று கொள்வார்கள். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. பிறகு, தண்ணீரும் உப்பும் சூழ்ந்த நிலையில் புரதம் அசையும்போதும் அந்தப் பொருள் குழிக்குள்ளேயே நிற்கிறதா என்று தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள்.

பினாங்கில் நடந்த ஒரு சோதனை

கணினித் தேடல் எங்கே உண்மையில் உதவுகிறது என்பதற்கு மலேசியாவிலேயே சான்று இருக்கிறது. நாடி தரவுத்தளத்திலுள்ள 3,000 மூலிகைப் பொருள்களை ஆய்வாளர்கள், சளிக்காய்ச்சல் கிருமியின் நியூராமினிடேஸ் என்ற என்சைமோடு கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். முன்னிலை பெற்ற பொருள்கள் எந்தச் செடிகளில் அதிகம் இருக்கின்றன என்று எண்ணி, ஐந்து செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றிலிருந்து பிரித்தெடுத்த 12 பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த என்சைமை உண்மையாகவே தடுத்தன. 2015-இல் வெளிவந்த ஆய்வு இது.

ஆனால் அந்த 12-இல் நான்கு மட்டுமே கணினி தந்த முதல் 100 பொருள்களின் பட்டியலில் இருந்தவை. எந்தச் செடியைத் தேடிப் போக வேண்டும் என்பதைக் கணினி நன்றாகக் காட்டியது. எந்தப் பொருள் வேலை செய்யும் என்பதை ஓரளவுதான் காட்டியது. அழற்சிக்கான தேடலும் இதே முறையில்தான் நடக்கிறது. எனவே இந்தப் பாடம் அதற்கும் பொருந்தும்.

மதிப்பெண் சொல்லாதது

இணையத்தில் வரும் செய்திகள் பெரும்பாலும் இந்த மதிப்பெண்ணோடு நின்றுவிடுகின்றன. “இந்த மூலிகைப் பொருளுக்கு −9.2, ஆங்கில மருந்துக்கு −8.4, எனவே மூலிகையே மேல்” என்ற வகை முடிவுகளை அடிக்கடி காணலாம். இது தவறான வாசிப்பு.

ஏறத்தாழ 1.4 கிலோகலோரி வேறுபாடு என்பது பிடிப்பின் வலிமையில் 10 மடங்கு வேறுபாடு. கணினி மதிப்பெண்ணில் ஏற்படும் பிழையோ 2 கிலோகலோரியையும் தாண்டக்கூடியது. அதாவது, 0.8 புள்ளி வேறுபாடு பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேலும், பெரிய மூலக்கூறுகள் தொட்டுக்கொள்ளும் இடங்கள் அதிகம் என்பதாலேயே அதிக மதிப்பெண் பெறும் போக்கு உண்டு. சர்க்கரை இணைந்த பெரிய மூலிகைப் பொருள்கள் பட்டியலில் முன்னால் வருவதற்கு இது ஒரு காரணம்.

நான்கு மூலிகைகள், நான்கு பாடங்கள்

மஞ்சள். இதிலுள்ள குர்குமின் லிபின்ஸ்கியின் அளவுகோலில் தேறிவிடும். அதன் மூலக்கூறு எடை 368. பொருத்திப் பார்த்தாலும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் சாப்பிட்டால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பல புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பொய்யான வெற்றி காட்டும் குணமும் அதற்கு உண்டு என்று 2017-இல் வெளிவந்த ஒரு விரிவான மறு ஆய்வு எச்சரித்தது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, மனிதர்களின் இரத்தத்தில் சேரும் அளவு 2,000 விழுக்காடு உயர்ந்தது. இது நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் என்சைம்களை பைப்பரின் தடுப்பதும் இதற்கு ஒரு காரணம். அதே தடுப்பு மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடலாம். செறிவூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிப்பு ஏற்படக்கூடும் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். குழம்பில் போடும் மஞ்சளும் மாத்திரையில் வரும் மஞ்சளும் ஒன்றல்ல.

நிலவேம்பு. மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று அழைக்கும் செடி இது. இதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைட், என்.எஃப். கப்பா பி புரதத்தின் ஒரு குறிப்பிட்ட சிஸ்டீன் அமினோ அமிலத்தோடு நிரந்தரமாகப் பிணைகிறது என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. சாதாரணப் பொருத்திப் பார்க்கும் நிரல், குழிக்குள் உட்கார்வதை மட்டும்தான் கணக்கிடும். இப்படி வேதிப்பிணைப்பு ஏற்படுவதைக் கணக்கிடாது. அதற்குத் தனி முறை வேண்டும். எனவே மதிப்பெண் குறைவாக வந்தாலும் பொருள் வேலை செய்யக்கூடும்.

குந்திரிக்கம். போஸ்வெல்லியா மரத்தின் பிசின். இதிலுள்ள ஒரு போஸ்வெல்லிக் அமிலம் 5-லாக்ஸ் என்சைமைத் தடுக்கும் என்பது முன்பே தெரியும். 2020-இல் அந்தப் பொருளும் என்சைமும் சேர்ந்த வடிவம் சோதனையில் கண்டறியப்பட்டபோது, அது முதன்மைக் குழிக்குள் இல்லை. தள்ளி, என்சைமின் இரண்டு பகுதிகளுக்கு இடையிலுள்ள வேறொரு பள்ளத்தில் இருந்தது. முதன்மைக் குழியில் மட்டும் தேடும் கணினி இந்த இடத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

வல்லாரை. பெகாகா என்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்கப்படும் கீரை. இதிலுள்ள ஆசியாட்டிகோசைட்டின் மூலக்கூறு எடை 959. லிபின்ஸ்கியின் அளவுகோலில் இது தேறாது. ஆனால் உடம்புக்குள் சர்க்கரைப் பகுதி வெட்டப்பட்டு, எடை 489 கொண்ட ஆசியாட்டிக் அமிலமாக மாறுகிறது. கணினி சோதிக்க வேண்டியது செடியில் இருக்கும் பொருளையா, உடம்பில் உண்டாகும் பொருளையா என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்குவமும் இதில் சேரும். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் ஜிஞ்செரால்களில் ஒரு பகுதி ஷோகாவோல்களாக மாறிவிடுகிறது. நம் வைத்தியத்தில் இஞ்சியையும் சுக்கையும் தனித்தனி மருந்தாக வைத்திருப்பதற்கு வேதியியல் காரணமும் உண்டு. பெயரிலும் கவனம் தேவை. கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் பறிக்கப்படுகின்றன. தாவரவியல் பெயர் தெரியாமல் தொடங்கும் ஆய்வு, தொடக்கத்திலேயே தவறிப்போகும்.

வயோக்ஸ் சொன்ன பாடம்

பூட்டுக்குச் சரியாகப் பொருந்தும் சாவி கிடைத்துவிட்டால் மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா? முடியாது என்பதற்கு ரோஃபிகாக்சிப் சாட்சி. வயோக்ஸ் என்ற பெயரில் 1999-இல் விற்பனைக்கு வந்த அந்த மருந்து, காக்ஸ்-2-ஐ மட்டும் குறிபார்த்துத் தடுத்தது. வயிற்றுப்புண் குறைந்தது. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி அது உலகம் முழுவதும் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

இரத்தம் உறையாமல் காக்கும் ஒரு பொருளை இரத்தக்குழாயில் உருவாக்குவதிலும் காக்ஸ்-2-க்குப் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் சமநிலை கெடுகிறது. இந்த விளைவு கணினியின் குழிக்குள் தெரியாது. ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையில்தான் தெரிந்தது.

மூலிகைக்கும் இதே விதிதான். ஒரு மூலிகைப் பொருள் உண்மையிலேயே காக்ஸ் என்சைமை வலுவாகத் தடுத்தால், மாத்திரைக்குரிய பக்கவிளைவுகள் அதற்கும் வரலாம். சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போய்ச்சேரவும் புரோஸ்டாகிளாண்டின்கள் தேவை. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வலி மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மலேசிய இந்தியர்களிடையே இனிப்பு நீர் அதிகம். எனவே இது நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் விஷயம்.

கணினிக்குப் பிறகு

கணினியில் தேறிய பொருள் அடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். முதலில் சோதனைக் குழாயில் என்சைமோடு, பிறகு வளர்க்கப்பட்ட செல்களோடு, பிறகு விலங்குகளில் சோதிப்பார்கள். எலியின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி அது எவ்வளவு வடிகிறது என்று அளக்கும் முறை 1962-இலிருந்து பயன்பாட்டில் உள்ளது. அதன்பின் மனிதர்களிடம் கட்டம் கட்டமாகச் சோதனை நடக்கும்: முதலில் பாதுகாப்பு, பிறகு அளவு, பிறகு உண்மையான பலன். ஒவ்வொரு கட்டத்திலும் பல பொருள்கள் கழிந்துபோகும். “கணினி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்ற வாசகம், இந்தப் பயணத்தின் முதல் மைல்கல்லைக் கடைசி மைல்கல்லாகக் காட்டுகிறது.

யாருடைய அறிவு?

தரவுத்தளங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதாட, 1997-இல் அது ரத்தானது. அதன்பின் இந்தியா உருவாக்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் சேர்க்கப்பட்டுள்ளன. மலேசியாவும் உயிரியல் வளங்களைப் பயன்படுத்துவோர் பலனைப் பகிர வேண்டும் என்று 2017-இல் சட்டம் இயற்றியது. பாட்டிமார் வாய்மொழியாகச் சொன்னது எழுத்தில் இல்லாவிட்டால் அதற்குச் சான்று இருக்காது. எந்த இலை, எந்தப் பக்குவம், எந்த நோய் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைப்பது பிள்ளைகளுக்குப் பயனுள்ள வேலை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மூட்டு வலிக்கு “உடனடி நிவாரணம்” தரும் மூலிகைத் தூள்களிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவும் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளன. மூலிகை பொதுவாக ஒரே நாளில் வலியைப் போக்காது, ஸ்டீராய்டு போக்கும். தொடர்ந்து சாப்பிட்டால் முகம் ஊதும், இனிப்பு நீர் ஏறும், எலும்பு பலவீனமாகும்.

மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் மீது எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அந்த எண் இருப்பதாலேயே நோய் குணமாகும் என்று உத்தரவாதம் இல்லை. தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டுள்ளன என்றுதான் பொருள்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட தூளை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தக்கூடாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால், திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு கிளினிக்குக்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ போய்க் காட்ட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும், கர்ப்பிணிகளும் எந்த மூலிகை மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது. நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

பிள்ளைகளுக்கு ஒரு வாசல்

இந்தத் துறையில் நுழைய விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. புரத வடிவங்கள் இலவசம், மூலிகைத் தரவுகள் இலவசம், பொருத்திப் பார்க்கும் நிரலும் இலவசம். ஒரு சாதாரண மடிக்கணினியில் சில டஜன் மூலிகைப் பொருள்களைச் சோதித்துவிடலாம். வேதியியல், உயிரியல், கணினி மூன்றிலும் ஆர்வமுள்ள இடைநிலைப்பள்ளி மாணவருக்கு இது நல்ல வாசல். மூலிகைகளின் பெயரும் பக்குவமும் தமிழில் தெரிந்திருப்பது அவருக்குக் கூடுதல் பலம்.

முடக்கத்தான் ரசமும் பிரண்டைத் துவையலும் உணவாக நம் சமையலறையில் தொடரலாம். அதற்குக் கணினியின் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் உணவு மருந்தாக மாறி, பொட்டலத்தில் அடைக்கப்பட்டு, விலை குறிக்கப்பட்டு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது கணினியில் தேறியதா, மனிதர்களிடம் தேறியதா? பதில் கணினி மட்டும்தான் என்றால், அந்த மூலிகைக்கான தேடல் இன்னும் முடியவில்லை.